கோலாலம்பூரில் அசைவூட்டத்தைத் தாமே கற்க விரும்புவோருக்கு

பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்துவிட்டோ, ஏதேனும் ஒரு வேலையில் இருந்துகொண்டோ, அசைவூட்டக் (அனிமேஷன்) கலைஞராக வேண்டும் என்ற எண்ணத்தை மனத்தில் வைத்திருப்பவர்களுக்காக இக்கட்டுரையை எழுதுகிறேன். தனியார் கல்லூரிக் கட்டணத்தைக் குடும்பம் தாங்காது என்பதாலேயே இந்த எண்ணத்தைக் கைவிட்ட பலரை நான் அறிவேன். செந்தூலில் ஓர் அடுக்குமாடி வீட்டின் கூடத்தில், எல்லாரும் உறங்கிய பிறகு, அண்ணனின் பழைய மடிக்கணினியில்தான் நான் இத்தொழிலைக் கற்றேன். மூன்றாண்டுகள் பிடித்தன. சரியான வரிசையில் கற்றிருந்தால் ஒன்றரை ஆண்டு போதுமானதாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அந்த வரிசையைத்தான் இங்கே கூற முயல்கிறேன்.

தாமே கற்றவர்களுக்கு இத்துறையில் இடமுண்டா என்ற ஐயம் வேண்டாம். மலேசியாவின் முதல் அசைவூட்டக் குறும்படமாகக் கருதப்படும் சாங் காஞ்சில் கதையை, 1978இல் அரசுத் திரைப்பட நிறுவனமான ஃபிலெம் நெகாராவில் ஆனந்தம் சேவியர் உருவாக்கத் தொடங்கினார். அது 1983இல்தான் மக்கள் பார்வைக்கு வந்தது. 1998இல் வெளிவந்த நாட்டின் முதல் முழுநீள அசைவூட்டத் திரைப்படத்தை இயக்கிய ஹசான் முத்தலிப் இக்கலையைத் தாமாகவே கற்றுத் தேறியவர்.

எந்த வேலை என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்

அனிமேஷன் என்று பொதுவாக அழைக்கப்படுவது ஒரே வேலையன்று. கதையைப் படச்சட்டங்களாக வரைந்து காட்டும் ஸ்டோரிபோர்டு கலைஞர், பாத்திரத்தை வடிவமைப்பவர், அதை முப்பரிமாண உருவமாகச் செய்யும் மாடலர், அந்த உருவத்துக்குள் எலும்பும் மூட்டும் வைத்து அசையத்தக்கதாக ஆக்கும் ரிக்கர், அதை அசைத்து நடிக்க வைக்கும் அசைவூட்டக் கலைஞர், ஒளியமைப்பவர், எல்லாப் படலங்களையும் ஒன்றுசேர்க்கும் கம்போசிட்டர் எனப் பலர் ஒரே காட்சியின் மீது அடுத்தடுத்துக் கை வைக்கிறார்கள். பெரிய ஸ்டூடியோ ஒன்று உங்களை வேலைக்கு எடுத்தால் இவற்றுள் ஒன்றுக்காகவே எடுக்கும். ஐந்தாறு பேர் கொண்ட சிறிய நிறுவனமோ எல்லாவற்றையும் ஓரளவு செய்யத் தெரிந்தவரைத் தேடும்.

இக்கட்டுரை அசைவூட்டக் கலைஞரைப் பற்றியது மட்டுமே. உருவங்களைச் செதுக்குவதில்தான் உங்களுக்கு ஆசை அதிகம் என்றால் நீங்கள் மாடலராக வேண்டியவர். உங்கள் பயிற்சிப் பாதை வேறு. இதை அறியாமல் நான் முதலாண்டு முழுவதையும் எல்லாவற்றையும் தொட்டுப் பார்ப்பதிலேயே செலவிட்டேன்.

இருபரிமாணமா, முப்பரிமாணமா என்ற கேள்வியும் எழும். கோலாலம்பூரையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் கொண்ட கிள்ளான் பள்ளத்தாக்கில் தொடக்கநிலை வேலைகள் முப்பரிமாணத்தில்தான் அதிகம். 2007இல் தொடங்கிய உப்பின் இப்பின், 2011இல் ஒளிபரப்பான போபோய்போய், 2016இல் வந்த ஏஜென் அலி ஆகிய தொலைக்காட்சித் தொடர்கள் மூன்றும் முப்பரிமாணப் படைப்புகள். வெளிநாட்டு விளையாட்டுகளுக்கும் தொடர்களுக்கும் ஒப்பந்த அடிப்படையில் பணிபுரியும் ஸ்டூடியோக்களும் பெரும்பாலும் அந்த வழியிலேயே இயங்குகின்றன. ஆகவே முப்பரிமாணத்தை இலக்காக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முதல் சில வாரங்கள் தாளிலோ திரையிலோ கையால் வரைந்து பழகுங்கள். கணினி உங்களுக்காக இடைநிலைகளை நிரப்பித் தராத இடத்தில்தான் ஒவ்வொரு பிரேமுக்கும், அதாவது அசைவின் ஒவ்வொரு தனிப்படத்துக்கும், நீங்களே பொறுப்பேற்கக் கற்றுக்கொள்வீர்கள்.

கருவிகள்

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. பிளெண்டர் மென்பொருள் முற்றிலும் இலவசம்; 2002 முதல் அது திறமூலமாக இருக்கிறது. குறைந்தது 8 ஜிபி நினைவகம் இருந்தால் அது இயங்கும்; 16 ஜிபி இருந்தால் பயிற்சிக்கு இடையூறு இராது. லோ யாட் பிளாசாவில் பழைய கணினி வாங்க நேர்ந்தால், மெல்லிய அழகான மடிக்கணினியைக் காட்டிலும், பின்னர் நினைவகத்தையும் வரைகலை அட்டையையும் மாற்றிக்கொள்ள இடந்தரும் மேசைக்கணினியைக் கேளுங்கள். கையால் வரைவதற்குக் கிரிதாவும் ஓப்பன்டூன்ஸும் போதும்; இரண்டும் இலவசம். திரையில்லாத சாதாரண வரைபலகை 300 ரிங்கிட்டுக்குள் கிடைக்கும்.

இலவச மென்பொருளால் பெரிய வேலை நடக்காது என்று யாரேனும் சொன்னால், 2025 மார்ச் மாதம் சிறந்த அசைவூட்டத் திரைப்படத்துக்கான ஆஸ்கார் விருதைப் பெற்ற லாட்வியப் படமான ஃப்ளோ பிளெண்டரில் உருவானது என்பதைச் சொல்லுங்கள். அதன் இயக்குநர் கின்ட்ஸ் ஸில்பலோடிசும் திரைப்படப் பள்ளியில் பயிலாமல் தாமே கற்றவர்.

பல ஸ்டூடியோக்கள் மாயா என்ற மென்பொருளைப் பயன்படுத்துகின்றன என்பது உண்மை. அதற்காக உரிமம் உடைக்கப்பட்ட பிரதியைத் தேடிப் போகாதீர்கள். சட்டச்சிக்கல் ஒருபுறமிருக்க, அத்தகைய கோப்புகளோடு வந்த நச்சுநிரலால் தம் ஆறு மாத வேலையை இழந்த நண்பர் எனக்கு உண்டு. பிளெண்டரில் நன்றாக அசைவூட்டத் தெரிந்தவர் மாயாவின் பொத்தான்களுக்குச் சில வாரங்களில் பழகிவிடுவார். கை பழகும் நேரம்தான் வேறுபடுகிறது. கண் கற்றது அப்படியே உடன்வரும்.

முதல் மூன்று மாதங்கள்: பந்து

திரைப்படத்தில் ஒரு விநாடிக்கு 24 பிரேம்கள். நம் நாட்டுத் தொலைக்காட்சியில் 25. இந்தச் சிறிய பெட்டிகளுக்குள் எதை எங்கே வைப்பது என்பதுதான் அசைவூட்டத் தொழில். ஒரு செயல் எத்தனை பிரேம்களில் நிகழ்கிறது என்பதை டைமிங் என்றும், அந்தப் பிரேம்களுக்கு இடையே பொருள் எவ்வளவு தூரம் நகர்கிறது என்பதை ஸ்பேசிங் என்றும் கூறுவோம். தொடங்குவோர் பெரும்பாலும் முதலாவதைக் கவனித்து இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். பார்ப்பவருக்கு எடையை உணர்த்துவது இரண்டாவதுதான்.

எடுத்துக்காட்டாக, கையிலிருந்து நழுவும் ஒரு பந்து அரை விநாடியில், அதாவது 12 பிரேம்களில், ஏறத்தாழ 120 சென்டிமீட்டர் விழுகிறது. இந்த 12 பிரேம்களை மூன்று மூன்றாக நான்கு பகுதிகளாகப் பிரித்தால், ஒவ்வொரு பகுதியிலும் பந்து கடக்கும் தூரம் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் கூடிக்கொண்டே போகும். இது கலிலியோ கண்டறிந்த விகிதம். முதல் மூன்று பிரேம்களில் ஏழரை சென்டிமீட்டர் மட்டுமே நகரும் பந்து, கடைசி மூன்று பிரேம்களில் ஐம்பத்திரண்டரை சென்டிமீட்டர் நகர்கிறது. இதைத் தாளில் புள்ளிகளாக வைத்துப் பாருங்கள். உச்சியில் புள்ளிகள் நெருங்கியும் தரைக்கு அருகில் அகன்றும் நிற்கும். அந்த நெருக்கமும் அகலமும் கையில் படிந்துவிட்டால், பின்னாளில் ஒரு பாத்திரம் மாடியிலிருந்து குதிக்கும்போதும், ஒரு கண்ணீர்த் துளி உதிரும்போதும் அதே அறிவு உதவும்.

முதலில் ஒரே உயரத்திலிருந்து மூன்று பொருள்களை விழவையுங்கள்: ஒரு தேங்காய், ஒரு செப்பாக் தக்ராவ் பந்து, ஒரு பலூன். மூன்றையும் ஒரே அளவுள்ள வெறும் வட்டமாக வரையுங்கள். நிறமோ கோடோ சேர்க்காதீர்கள். எது எது என்று நீங்கள் சொல்லாமலே வீட்டிலுள்ள ஒருவர் கண்டுபிடித்தால் அப்பயிற்சி முடிந்தது. கண்டுபிடிக்க முடியவில்லையென்றால் இன்னும் முடியவில்லை. இந்தச் சோதனையை என் பாட்டியிடம் நடத்தி ஐந்து முறை தோற்ற பிறகுதான், தேங்காய் தரையில் பட்டதும் ஏறத்தாழ எழும்பாமலே உருண்டு நிற்பதற்கு எத்தனை பிரேம்கள் வேண்டும் என்பதை நான் உணர்ந்தேன்.

பந்துக்குப் பிறகு ஊசல். ஊசலுக்குப் பிறகு வால் முளைத்த பந்து. உடல் நின்ற பிறகும் வால் சற்று நேரம் ஆடிக்கொண்டிருக்க வேண்டும். அதன் பிறகு மனித நடை. சாதாரண நடையில் இரண்டு அடிகளுக்கு 24 பிரேம்கள் என்று தொடங்கலாம்: கால் தரையைத் தொடுவது, உடல் தாழ்வது, ஒரு கால் மற்றொன்றைக் கடப்பது, உடல் எழுவது என்ற நான்கு நிலைகளும் ஒவ்வோர் அடியிலும் வரும். உடல் தாழும் நிலையைப் பெரும்பாலோர் விட்டுவிடுவதால் பாத்திரம் தரையில் நடக்காமல் மிதப்பதுபோல் தெரிகிறது. இந்நிலையில் உருவத்தை நீங்களே செய்ய வேண்டியதில்லை. பயிற்சிக்கென இலவசமாகக் கிடைக்கும் ரிக்குகளை, அதாவது எலும்பும் மூட்டும் ஏற்கெனவே வைத்த உருவங்களை, பயன்படுத்துங்கள். பின் ஒருவர் நாற்காலியிலிருந்து எழுவது, கனமான பெட்டியைத் தூக்குவது ஆகியவை. எந்தப் பயிற்சியும் பத்து விநாடியைத் தாண்ட வேண்டாம்.

அந்த வரம்பை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. முதலாண்டில் ஆறு நிமிடப் போர்க்கதை ஒன்றை எடுக்க முனைந்தேன். எட்டு மாதங்கள் உழைத்தும் நாற்பது விநாடிகளுக்கு மேல் அது நகரவில்லை. அந்த நாற்பது விநாடிகளும் நான் முதல் மாதத்தில் அறிந்திருந்த தரத்திலேயே இருந்தன. முடிக்காத வேலையிலிருந்து திருத்தம் பெற முடியாது. பத்து விநாடிக்குள் அடங்கும் ஒன்றை முடித்துவிட்டால் அதிலுள்ள பிழையை அடுத்ததில் நீக்கலாம். ஓராண்டில் இருபது முறை முடித்தவர், ஒரே ஒரு பெருங்கனவோடு இருப்பவரைவிட வெகுதூரம் முன்னே சென்றிருப்பார்.

பார்க்கப் பழகுங்கள்

பயிற்சிக் காணொளிகளைப் பார்த்துக் கற்பவர்களின் வேலைகள் ஒன்றையொன்று ஒத்திருப்பதை விரைவில் கவனிப்பீர்கள். அனைவரும் ஒரே பாத்திரத்தை ஒரே வகையில் நடக்க வைத்திருப்பார்கள். அதிலிருந்து விலக எளிய வழி, உங்கள் தெருவில் நிகழ்வதைப் பார்ப்பது. கோலாலம்பூரில் இதற்குக் குறையே இல்லை.

மாமாக் கடையில் ரொட்டி சானாய் போடுபவரின் கையை ஒரு மணிநேரம் கவனியுங்கள். மணிக்கட்டு முதலில் திரும்புகிறது. மாவின் நடுப்பகுதி அதைப் பின்தொடர்கிறது. ஓரம் இன்னும் தாமதமாக வந்து, மேசையில் படும்போது ஒரு கணம் விரிந்து பின் சற்றே சுருங்குகிறது. பாடமாகச் சொல்லப்படும் தொடர்வசைவு, பிந்தியசைவு, அமுங்கி விரிதல் ஆகிய மூன்றும் அந்த ஒரு வீச்சில் இருக்கின்றன. தே தாரிக் எனும் தேநீரை இழுத்து ஆற்றுபவரிடம் வளைகோட்டைக் காணலாம்: கை மேலே போகும் பாதையும் கீழே வரும் பாதையும் ஒன்றல்ல. அனுமதி கேட்டுக் கைத்தொலைபேசியில் விநாடிக்கு 60 பிரேம் வேகத்தில் பதிவு செய்யுங்கள். நான் கேட்டபோது மறுத்தவர் மிகச் சிலரே. வீட்டுக்கு வந்து ஒவ்வொரு பிரேமாக நகர்த்தி, எந்தெந்தப் பிரேமில் திசை மாறுகிறது என்பதைக் குறிப்பேட்டில் குச்சி உருவங்களாக வரைந்து எண்ணிட்டுக்கொள்ளுங்கள்.

எடையைக் கற்பதற்குப் பத்துமலையைவிடச் சிறந்த வகுப்பறையை நான் அறியேன். 272 படிகளில் ஏறுபவரும் இறங்குபவரும் அருகருகே செல்கிறார்கள். ஏறுபவர் உடலை முன்னே சாய்த்து, தொடையில் கையூன்றி, ஒவ்வொரு படியிலும் ஒரு கணம் எடையைச் சேர்த்துக்கொண்டு எழுகிறார். இறங்குபவரின் உடல் பின்னே சாய்ந்திருக்கும். முழங்கால் ஒவ்வோர் அடியிலும் அதிர்வை வாங்கிக்கொள்ளும். தைப்பூசத்தன்று பால்குடம் சுமந்து நடப்பவர்களைப் பாருங்கள். தலை ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நேர்கோட்டில் செல்ல, ஏற்ற இறக்கம் முழுவதையும் இடுப்பும் முழங்காலும் ஏற்றுக்கொள்கின்றன. காவடி சுமப்பவரிடம் நேர்மாறாக, மேலேயுள்ள பெரும்பாரம் திரும்பத் தொடங்குவதற்கு முன்பே கால்கள் அதற்கு இடம் தேடி நகர்ந்துவிடுகின்றன. பக்தியோடு நடப்பவர்களை முகத்துக்கு நேரே படம்பிடிக்க வேண்டாம். நின்று பார்த்து வரைந்துகொள்வதே முறை.

நாற்கால் விலங்குகளுக்கு உலு கிளாங்கிலுள்ள தேசிய விலங்குக் காட்சிச்சாலை இருக்கிறது. அதற்கு முன் உங்கள் தெருப்பூனையைப் பாருங்கள்.

எனக்கு முதல் வேலையைப் பெற்றுத் தந்தது, பிரிக்பீல்ட்ஸில் பூக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மா மல்லிகைச் சரம் கட்டும் ஒன்பது விநாடிக் காட்சி. அவர் வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டே, கையைப் பார்க்காமல் கட்டுவார். நாரை இழுத்து இறுக்கும் அந்த ஒரு கணத்தில் மட்டும் பேச்சு நின்று மீண்டும் தொடரும். அந்தச் சிறு நிறுத்தத்தை நான் கற்பனையில் கண்டுபிடித்திருக்க முடியாது.

தமிழுக்கு வாயசைத்தல்

இணையத்தில் கிடைக்கும் வாயசைவு அட்டவணைகள் ஆங்கில ஒலிகளுக்காக அமைந்தவை. மலேசியாவில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. கல்விக் காணொளி, விளம்பரம், சிறுவர் நிகழ்ச்சி எனத் தமிழில் வேலை வரும்போது அந்த அட்டவணை உங்களைக் கைவிடும். இதைப் பற்றி எழுதுவோர் குறைவு என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன்.

நம் இலக்கணத்திலேயே இதற்கான அடிப்படை இருக்கிறது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. ஒரு மாத்திரை என்பது கண்ணிமைக்கும் நேரம் அல்லது கைநொடிக்கும் நேரம் என்று அளந்து வைத்திருக்கிறார்கள். இயல்பான பேச்சு வேகத்தில் குறிலுக்கு 2 பிரேம், நெடிலுக்கு 4 பிரேம் என்று தொடங்கி, பின் ஒலிப்பதிவைக் கேட்டுக் கூட்டியும் குறைத்தும் கொள்ளலாம். உதடு கட்டாயமாக மூட வேண்டிய ஒலிகள் ப, ம ஆகிய இரண்டும். கீழுதடு மேற்பல்லை நெருங்க வேண்டியது வ. இவற்றைத் தவறவிட்டால் பார்ப்பவர் உடனே உணர்வார். ‘அம்மா’, ‘அப்பா’ போன்ற சொற்களில் மெய் இரட்டிப்பதால் உதடு மூடியிருக்கும் நேரமும் நீளும். ஒற்றை மகரத்துக்குத் தரும் 2 பிரேமை இங்கே தந்தால் சொல் நொறுங்கிவிடும். ழ, ள, ண ஆகியவற்றுக்கு நாக்கு உள்ளே வளைவதோடு சரி. வெளியே காட்ட எதுவுமில்லை. அவற்றுக்கென வாயைத் திருகாதீர்கள்.

பெரும்பாலோர் பிழை செய்யும் இடம் உகரம். எழுத்தைப் பார்த்து ஒவ்வோர் உகரத்துக்கும் உதட்டைக் குவிக்கிறார்கள். ‘பசு’ என்பதில் உதடு குவியும்; ‘பாட்டு’, ‘காசு’ என்பவற்றின் இறுதியில் குவியாது, ஏனெனில் அது குற்றியலுகரம். பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்த அந்தப் பாடம் இவ்வளவு பயன்படும் என்று நான் எண்ணியதில்லை. அதேபோல் பேச்சுத்தமிழில் ‘மரம்’, ‘பணம்’ போன்ற சொற்களின் இறுதி மகரம் பெரும்பாலும் மூக்கொலியாக முடிகிறது. உதடு முழுமையாக மூடுவதில்லை. ஆகவே வசனத்தாளை ஓரமாக வைத்துவிட்டு ஒலியை மட்டும் கேளுங்கள். கண்ணாடி முன் நின்று நீங்களே பேசிப் பாருங்கள். வாய் வடிவம் ஒலிக்கு ஒன்றிரண்டு பிரேம் முன்னதாக வந்தால் இயல்பாகத் தெரியும். கண்ணும் புருவமும் சரியாக நடித்துவிட்டால் வாயிலுள்ள சிறு குறைகளை யாரும் கவனிப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். வாயை எப்போதும் கடைசியாகவே செய்யுங்கள்.

திருத்தம் பெறுதல்

ஆசிரியர் இல்லாமல் கற்பவருக்கு உண்மையான குறை இதுதான். பயிற்சிப் பாடங்கள் இணையத்தில் கொட்டிக்கிடக்கின்றன. உங்கள் வேலையிலுள்ள பிழையைச் சுட்டிக்காட்டுபவர்தான் கிடைப்பதில்லை. உறவினர்களும் நண்பர்களும் நன்றாக இருக்கிறது என்றே சொல்வார்கள். அன்பினால் சொல்கிறார்கள், ஆனால் அதனால் வேலை முன்னேறாது.

நாங்கள் நால்வர் சேர்ந்து இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை டத்தாரான் மெர்டேக்கா அருகிலுள்ள கோலாலம்பூர் நூலகத்தில் கூடுவோம். ஒவ்வொருவரும் முடித்த ஒன்றைக் கொண்டுவர வேண்டும். விளக்கம் எதுவும் சொல்லாமல் மூன்று முறை ஓடவிட்டு, பிறகு மற்ற மூவரும் பிரேம் எண்ணைக் குறிப்பிட்டே பேச வேண்டும் என்பது எங்கள் விதி. ‘ஏதோ சரியில்லை’ என்பதை ஏற்கமாட்டோம். ‘31ஆம் பிரேமில் எடை வலக்காலுக்கு மாறியும் இடுப்பு நகரவில்லை’ என்பதை ஏற்போம். இப்படிப் பேசப் பழகியதால் பிறர் வேலையில் பார்த்த பிழையை என் வேலையிலும் காண முடிந்தது. நால்வரில் மூவர் இன்று இத்துறையில் இருக்கிறோம்.

துறையில் பணிபுரிபவரிடம் கருத்துக் கேட்கும்போதும் இதே துல்லியம் வேண்டும். ‘என் வேலையைப் பாருங்கள்’ என்று ஐந்து காணொளிகளை அனுப்பாமல், ஒன்றை மட்டும் அனுப்பி ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். பதில் வந்தால் திருத்திய வடிவத்தைத் திரும்ப அனுப்புங்கள். சொன்னதைச் செய்தவர் என்ற பெயர் நெடுநாள் நிற்கும்.

ஷோரீல்

பட்டச் சான்றிதழின் இடத்தில் இத்துறை கேட்பது ஷோரீலைத்தான், அதாவது உங்கள் சிறந்த காட்சிகளைத் தொகுத்த காணொளியைத்தான். 45 முதல் 60 விநாடி போதும். மிகச் சிறந்ததை முதலிலும் அடுத்ததை இறுதியிலும் வையுங்கள். ஐயமுள்ள எதையும் சேர்க்காதீர்கள். நான்கு நல்ல காட்சிகள் பத்து சுமாரான காட்சிகளைவிட மேல், ஏனெனில் பார்ப்பவர் உங்கள் தரத்தை அதிலுள்ள மோசமான காட்சியைக் கொண்டே அளக்கிறார். பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல் ஆகியவை தொடக்கத்திலும் முடிவிலும் இருக்க வேண்டும். ரிக் யாருடையது, நீங்கள் செய்தது எது என்பதை ஒவ்வொரு காட்சியின் மூலையிலும் சிறிதாக எழுதுங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவி உருவாக்கிய அசைவைத் தம் வேலை என்று காட்டுவது இன்று புதிதாகத் தோன்றியுள்ள பிழை. நேர்காணலில் ஒரு காட்சியைத் திருத்தித் தரச் சொன்னால் அங்கேயே அது வெளிப்பட்டுவிடும்.

என் முதல் ஷோரீல் நான்கு நிமிட நீளம். முழுவதும் பின்னணி இசை. ஒரு நேர்காணலில் அதை இருபதாவது விநாடியில் நிறுத்திவிட்டு, ஒலியை அணைத்து மீண்டும் முதலிலிருந்து ஓடவிட்டார்கள். இசையில்லாமல் என் பாத்திரங்களுக்கு எடையே இல்லை என்பதை அந்த அறையில்தான் கண்டேன். அன்று முதல் எதையும் ஒலியில்லாமல் பார்த்த பிறகே வெளியே அனுப்புகிறேன்.

வேலை தேடுதல்

ஸ்டூடியோக்கள் ஷா ஆலாம், சைபர்ஜெயா, பெட்டாலிங் ஜெயா, கோலாலம்பூர் ஆகிய இடங்களில் பரவியிருக்கின்றன. அவற்றின் சமூக ஊடகப் பக்கங்களைத் தொடருங்கள். சமூகப் பாதுகாப்பு நிறுவனமாகிய சொக்சோ நடத்தும் மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளத்திலும் பதிந்துகொள்ளுங்கள். சைபர்ஜெயா தொலைவு என்று தயங்க வேண்டாம். 2023 மார்ச்சில் புத்ராஜெயா எம்.ஆர்.டி. தடம் முழுமையாகத் திறக்கப்பட்ட பிறகு, செந்தூல் பாராட்டில் ஏறினால் வண்டி மாறாமல் சைபர்ஜெயாவில் இறங்கலாம். மலேசிய இலக்கவியல் பொருளாதாரக் கழகமாகிய எம்டெக், தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகமாகிய ஃபினாஸ் ஆகிய இரண்டின் அறிவிப்புகளையும் கவனித்து வாருங்கள். பயிற்சிகளும் போட்டிகளும் நிதி உதவிகளும் அவற்றின் வழியே வருகின்றன.

விண்ணப்பத்துக்குப் பிறகு பெரும்பாலும் ஒரு தேர்வுக் காட்சி தருவார்கள். சில நாள்களில் முடியக்கூடிய சில விநாடிக் காட்சி நியாயமானது. ஒரு முழு விளம்பரத்தையே தேர்வு என்ற பெயரில் இலவசமாகச் செய்யச் சொன்னால் மறுத்துவிடுங்கள். 2025 பிப்ரவரி முதல் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். முழுநேர வேலைக்கு அதற்குக் கீழே பேசுபவரிடம் கற்றுக்கொள்ள வேண்டியது எதுவுமில்லை என்பது என் கருத்து. கூட்டங்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும் நடக்கும். மொழியில் தயக்கம் இருப்பவர்கள், தம் காட்சியை இரண்டு நிமிடம் விளக்கிப் பேசுவதை முன்கூட்டியே பழகிக்கொள்வது நல்லது.

ஃப்ரீலான்ஸ் வேலை

திருமண அழைப்புக் காணொளி, கடை விளம்பரம், பாடல் காணொளி என நம் சமூகத்துக்குள்ளேயே சிறு வேலைகள் வரும். முதலில் எஸ்.எஸ்.எம். எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிவு செய்யுங்கள். தொழில் தொடங்கிய 30 நாள்களுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் 60 ரிங்கிட். வருமான வரிக்காக ரசீதுகளையும் கணக்குகளையும் ஏழாண்டுகள் வைத்திருக்க வேண்டும். சுயதொழில் செய்வோருக்கான சொக்சோ பாதுகாப்பும், ஊழியர் சேமநிதியின் ஐ-சாராஆன் என்னும் தன்விருப்பச் சேமிப்புத் திட்டமும் உண்டு. இளம் வயதில் வீண் செலவாகத் தோன்றினாலும் இரண்டிலும் சேருங்கள்.

ஒப்பந்தம் எழுத்தில் இல்லாமல் ஒரு பிரேமும் செய்யாதீர்கள். ஒரு நிறுவனம் என்னிடம் முப்பது விநாடி விளம்பரம் ஒன்றைக் கேட்டு, பதினான்கு முறை மாற்றச் சொல்லி, இறுதியில் எண்ணத்தையே மாற்றிக்கொண்டதாகக் கூறி எதுவும் தரவில்லை. தெரிந்தவர் வழியாக வந்த வேலை என்பதால் தாளில் எதையும் எழுதாமலே தொடங்கியிருந்தேன். இப்போது பாதித் தொகையை முன்பணமாகப் பெறுகிறேன். இரண்டு சுற்றுத் திருத்தம் விலையில் அடங்கும், மூன்றாவதிலிருந்து தனிக்கட்டணம் என்று ஒப்பந்தத்தில் எழுதுகிறேன்; அசைவு தொடங்கும் முன் ஸ்டோரிபோர்டில் கையொப்பம் வாங்குகிறேன். இன்னொன்றையும் பலர் அறிவதில்லை: 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், பணம் கொடுத்துச் செய்வித்த படைப்பின் உரிமை செய்வித்தவருக்கே போய்ச் சேரும். ஆகவே உங்கள் ஷோரீலில் அதைக் காட்டும் அனுமதியை ஒப்பந்தத்திலேயே ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலையின் முதல் மாதங்கள்

ஸ்டூடியோவில் வாரத்துக்கு இத்தனை விநாடி என்ற கணக்கு இருக்கும். வீட்டில் ஒன்பது விநாடிக்கு ஆறு வாரம் எடுத்துக்கொண்டவருக்கு அது அச்சத்தைத் தரும். முதலில் எல்லா முக்கிய நிலைகளையும் இடைநிலையின்றி வைத்து இயக்குநரிடம் காட்டிவிடுங்கள். மெருகேற்றிய பிறகு திருத்தம் வந்தால் இருமடங்கு நேரம் போகும். கோப்புகளுக்கு ஸ்டூடியோவின் பெயரிடும் முறையை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தவறான பெயரில் சேமித்த ஒரு கோப்பு அடுத்துள்ள ஒளியமைப்பாளரின் ஒரு நாளை வீணாக்கும்.

இயக்குநர் சொல்லும் ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். மூன்று மாதம் கழித்து அதைப் புரட்டினால், ஒரே திருத்தம் வெவ்வேறு சொற்களில் ஐந்தாறு முறை வந்திருப்பதைக் காண்பீர்கள். எனக்கு அது ‘பாத்திரம் திரும்புவதற்கு முன் கண் திரும்பவில்லை’ என்பதாக இருந்தது. அந்த வார இறுதியில் செந்தூல் சந்தையில் அமர்ந்து, பெயர் சொல்லி அழைக்கப்பட்டவர்கள் திரும்பிப் பார்ப்பதை மட்டும் இரண்டு மணிநேரம் வரைந்தேன்.